‘ஐஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஒரு மொழியின் சொற்கள் அதனைப் பேசுவோர் வாழும் நிலத்தின் இயல்பைத் தம்முள் அடக்கி நிற்பன. நெல் விளையும் நம் நாட்டில் வயலில் நிற்பது நெல், குத்தி எடுத்தது அரிசி, உலையிலிட்டு வடித்தது சோறு என ஒரு பொருளே தன் நிலைக்கேற்ப வேறுவேறு பெயர் பெறுகின்றது. ஆங்கில மக்களோ பெரும்பாலும் இம்மூன்றனையும் ‘ரைஸ்’ என்னும் ஒரே சொல்லாற் கூறி அமைவர். இதனைக் கண்டு அம்மொழியை வறிய மொழி என எண்ணுதல் தவறாம். குளிரால் நீர் அடையும் பல நிலைகளுக்கும் அவர் வைத்துள்ள பெயர்களை நோக்கின், வறுமை நம்பால் உள்ளதுபோலத் தோன்றும். அச்சொற்களுள் தலைமை வாய்ந்த ‘ஐஸ்’ என்பதன் பொருளையும் வழக்கினையும், அது தமிழிற் புகுந்து பெற்ற புதுப்பொருளையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

நீர் கட்டியாய் உறைந்தது ‘ஐஸ்’. மேகத்தினின்று பஞ்சுபோல மெல்லென உதிர்வது ‘ஸ்நோ’. இரவிற் புல்லின்மேலும் இலையின்மேலும் வெண்பொடியாய்ப் படிவது ‘பிராஸ்ட்’. கல்லென விழுவது ‘ஹெயில்’. மழையும் ஸ்நோவும் கலந்து பெய்வது ‘ஸ்லீட்’. இவற்றுள் ஹெயிலுக்குத் தமிழிற் பழமையான பெயர் உண்டு. பண்டை நூல்கள் அதனை ‘ஆலி’ என்றன. இன்றும் மக்கள் ‘ஆலங்கட்டி’ என்பர். கோடை மழையோடு அது நம் முற்றத்திலேயே வந்து விழுதலின் அதற்குப் பெயர் வைக்கும் தேவை நேர்ந்தது. ஏனையவற்றைக் கூறப் பெரும்பாலும் ‘பனி’ என்னும் ஒரு சொல்லின் துணையையே நாடுகின்றோம். அச்சொல்லோ மார்கழி தை மாதங்களிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் அக்காலத்துக் குளிரையும் நமக்கு நினைப்பூட்டுவது. முன்பனி, பின்பனி என ஆறு பெரும்பொழுதுகளுள் இரண்டற்குப் பெயராய் அமைந்தது. ‘பனிக்கட்டி’ என்பது, நம்மிற் பெரும்பாலோர் தம் நிலத்திற் கண்டறியாத ஒன்றற்குக் கண்டறிந்த ஒன்றன் பெயரை நீட்டிவைத்த பெயராகும். நீலகிரி போன்ற உயர்மலைகளில் வாழ்வோரே உறைபனியைத் தம் புல்வெளிகளிற் காணும் பேறுடையர்.

‘ஐஸ்’ என்பது ஆங்கிலத்திற்கு அயன்மொழியினின்று வந்த கடனன்று. அம்மொழியின் தொல்குடிச் சொல். ஆயிரம் ஆண்டுகட்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் அது ‘ஈஸ்’ என ஒலித்தது. அக்காலத்து ரூன் எழுத்துக்களுள் ஒன்றற்கு இச்சொல்லே பெயர். அவ்வெழுத்தின் வடிவம் செங்குத்தாக நிற்கும் ஒரே கோடு. பின்னர் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் பலவும் ஒலி மாறிய காலத்தில் ஈகாரம் ஐகாரம்போலத் திரிந்து ‘ஐஸ்’ என்றாயிற்று. செருமானியரும் இன்று ‘ஐஸ்’ என்றே கூறுவர். ஐஸ்லாந்து மக்களோ ‘ஈஸ்’ என்னும் பழைய ஒலியையே போற்றி வருகின்றனர். அவர் நாட்டின் பெயரும் ‘ஐஸ் நிலம்’ என்னும் பொருளதே. குளிர்காலத்திற் கூரை விளிம்பினின்று ஈட்டிபோலத் தொங்கும் பனியை ஆங்கிலர் ‘ஐசிகிள்’ என்பர். இதன் பிற்பகுதியாய் நிற்கும் பழஞ்சொல்லுக்கும் தொங்கும் பனி என்பதே பொருள். அதன் முன்னே ‘ஐஸ்’ என்பதையும் சேர்த்தமையால் ஒரு பொருள் இருமுறை கூறப்பட்டது. ‘ஞாண்’ என்பதே கயிறாயிருக்க நாம் ‘அரைஞாண் கயிறு’ என்று வழங்குவதும் இவ்வினத்ததே.

இனி இச்சொல்லின் இலக்கணத்தைக் காண்பாம். ஆங்கிலத்தில் ‘ஐஸ்’ என்பது நீர், மணல், பொன் என்பவை போல எண்ணலாகாப் பொருட்பெயர். ஆதலின் ஒருமை காட்டும் ‘ஆன்’ என்னும் சிறுசொல்லும் பன்மை விகுதியும் அதற்கு ஏலா. பனிக்கட்டி வேண்டுவோர் ‘ஒரு துண்டு ஐஸ்’ என்னும் பொருள்படவே கேட்டல் வேண்டும். ‘ஆன் ஐஸ்’ என்று கேட்பின், இங்கிலாந்துக் கடைக்காரர் ஐஸ்கிரீமைக் கொணர்ந்து கொடுப்பர்! ஒரு சிறுசொல் கையில் வரும் பண்டத்தையே மாற்றிவிடுகின்றது. இஃது வினையாகவும் வரும். பானத்தைக் குளிரச் செய்தலும், கேக்கின்மேற் சருக்கரைப் பூச்சிடுதலும் ‘ஐஸ்’ என்னும் வினையாற் கூறப்படும். பின்னதிற் பனிக்கட்டி ஒரு துளியும் இல்லை; தோற்றம் பற்றி வந்த பெயர் அது. இச்சொல்லடியாகப் பிறந்த ‘ஐஸி’ என்னும் அடைச்சொல் பொருளின் குளிரையும் மனிதரின் மனநிலையையும் ஒருங்கே குறிக்கும். அதனைப் பின்னர் விரிப்பாம்.

வழக்குகளை ஆராயுமுன் அப்பொருளின் இயல்பு ஒன்றனை அறிந்துகொள்ளுதல் நலம். பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும். நீரோ உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருத்து விரிகின்றது. அதனால் ஐஸ் நீரினும் இலேசாகி மேலே மிதக்கின்றது. ஏரியும் ஆறும் மேற்புறத்திலிருந்து உறைந்து வருவதும், அதன் கீழுள்ள நீரில் மீன்கள் உயிர்வாழ்வதும், மேலே மனிதர் நடப்பதும் இவ்வியல்பினால் நிகழ்வனவே. ஐஸ் நீரில் மூழ்கும் பொருளாய் இருந்திருப்பின், யாம் இனிக் கூறும் மரபுத்தொடர்களுட் பல தோன்றியே இரா.

குளிர்நாட்டார்க்கு ஐஸ் என்பது குவளையில் இடும் பொருளாகுமுன் காலடியில் விரியும் தரையாயிற்று. இலண்டன் மாநகரின் தேம்ஸ் ஆறு முற்காலத்துச் சில குளிர்காலங்களில் உறைந்து இறுகியதுண்டு. 1683–84-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆற்றின்மேல் தெருத்தெருவாகக் கடைகள் அமைத்துச் சந்தை கூட்டினர். அத்தகைய சந்தைகளுள் இறுதியானது 1814-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 1831-ஆம் ஆண்டிற் புதிய இலண்டன் பாலம் திறக்கப்பட்டுப் பழையது நீக்கப்பட்டபின், நீர் தடை குறைந்து விரைந்தோடத் தொடங்கியமையும் ஆறு பின்னர் அவ்வாறு உறையாமைக்கு ஒரு காரணமாம்.

இங்ஙனம் உறைநீரின்மேல் நடந்தும் சறுக்கியும் பழகியோர், ஐஸ் தடித்திருப்பின் தாங்கும், மெலிந்திருப்பின் விழுங்கும் என்பதை உயிரைப் பணயம் வைத்து அறிந்தனர். ஆதலின் இடர் நிறைந்த செயலில் இறங்குவோனை ‘மெல்லிய ஐஸின்மேற் சறுக்குகின்றான்’ என்பர். அமெரிக்க அறிஞர் எமர்சன் 1841-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றிலும் இவ்வுவமை காணப்படும். இதே நிலையை நாம் ‘கத்திமேல் நடக்கின்றான்’ என்போம். இரண்டும் அச்சத்தைக் காட்டுவனவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கத்தியின் கூர்மை கண்ணுக்குத் தெரியும். ஐஸின் மென்மை கண்ணுக்குத் தெரியாது. மேலே வழவழப்பும் கீழே படுகுழியுமாய் இருக்கும் நிலைக்கே ஆங்கிலத் தொடர் பெரிதும் பொருந்துகின்றது.

ஐஸ் நடப்பார்க்குப் பாலமாவதுபோலக் கலஞ்செலுத்துவார்க்குத் தடையுமாகும். ஆறு உறைந்தபோது முன்னே ஒரு படகு சென்று ஐஸைத் தகர்த்து வழிதிறந்தால், பின்வரும் படகுகள் எளிதிற் செல்லும். இதனின்று ‘ஐஸை உடைத்தல்’ என்னும் தொடர், முன்பின் அறியாதார் கூடிய இடத்திற் கூச்சத்தைப் போக்கி முதற்பேச்செடுத்தல் என்னும் பொருளில் வழங்கலாயிற்று. இராஸ்மஸ் என்னும் பேரறிஞர் தொகுத்த இலத்தீன் பழமொழித் தொகுதியிலும் இதனையொத்த தொடர் உண்டு. ஷேக்ஸ்பியரும் ‘டேமிங் ஆப் தி ஷ்ரூ’ என்னும் நாடகத்தில் இதனை ஆண்டுள்ளார். உறைகடலைப் பிளந்து செல்லும் வலிய கப்பலுக்கு ‘ஐஸ்பிரேக்கர்’ என்று பெயர். 1898-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் உருசியர்க்காகக் கட்டப்பட்ட ‘எர்மாக்’ அவ்வகையிற் புகழ்பெற்றது. இன்று கூட்டங்களில் அயலாரை ஒருவரோடொருவர் பேசவைக்கும் சிறு விளையாட்டுக்கும் அப்பெயரே வழங்குகின்றது. அயலாரிடையே நிலவும் மௌனத்தை உறைந்த ஆறாகக் காண்பது குளிர்நாட்டார்க்கே இயல்பான காட்சியன்றோ!

கடலில் மிதக்கும் ஐஸ் மலையை ‘ஐஸ்பெர்க்’ என்பர். கடல்நீரினும் ஐஸ் சிறிதளவே இலேசாதலின், அம்மலையிற் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு நீருள் மறைந்திருக்க, ஒரு பங்கே வெளியே தோன்றும். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவில் ‘டைட்டானிக்’ என்னும் பெருங்கப்பல் இத்தகைய மலையொன்றில் மோதி, விடியுமுன் மூழ்கியது. 1,500 பேருக்கு மேல் மாண்டனர். அதன் பயனாக 1914-ஆம் ஆண்டு முதல் வட அட்லாண்டிக் கடலில் ஐஸ் மலைகளைக் கண்டு கப்பல்களை எச்சரிக்கும் காவற்பணி ஏற்படுத்தப்பட்டது. வெளியே தெரியும் சிறு தீங்கின் அடியிற் பெருந்தீங்கு மறைந்திருப்பதை ‘ஐஸ் மலையின் நுனி’ என்று கூறுவர். நம்மவர் ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பர். மேலாக நோக்கின் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆயின் சோற்றுப்பழமொழி ஒன்றைக் கண்டு மற்றவையும் அத்தகையன என்று தெளிவிப்பது. ஐஸ் மலைத்தொடரோ கண்டதினும் காணாதது பெரிது என்று அஞ்சுவிப்பது. ஒன்றனுக்கு மற்றொன்றை மொழிபெயர்ப்பாக வைத்தல் பொருந்தாது.

அடுத்து அடுக்களையினின்று பிறந்த வழக்குகளைக் காண்பாம். மீனும் இறைச்சியும் கெடாதிருக்க ஐஸின்மேல் வைப்பர். அதனால் ஒரு செயலைப் பின்னைக்கென நிறுத்திவைத்தலை ‘ஐஸின்மேல் வைத்தல்’ என்பர். தமிழில் இதற்குக் ‘கிடப்பிற் போடுதல்’ என்னும் வழக்கு உளது. முன்னமே நலமாயுள்ள ஒன்றற்கு மேலும் ஒரு நலம் சேர்தலைக் ‘கேக்கின்மேற் சருக்கரைப் பூச்சு’ என்பர். நாம் ‘பாலோடு தேன் கலந்தாற்போல’ என்போம். ஒருவன் பேச்சு பிறரிடத்து யாதொரு பயனும் விளைக்காவிடின், ‘அஃது ஐஸை வெட்டாது’ என்பர். ‘எடுபடவில்லை’ என்பதே அதற்கு நேரான தமிழ். இத்தொடர் அமெரிக்காவில் தோன்றியது. அந்நாட்டார் மின்னாற்றலால் இயங்கும் குளிர்பெட்டியையும் ‘ஐஸ் பாக்ஸ்’ என்று கூறுவதுண்டு. மரப்பெட்டியின் மேலறையில் ஐஸ் கட்டியை வைத்து உணவைக் காத்த பழங்காலத்தின் எச்சம் அப்பெயர்.

இன்னும் இரண்டு வழக்குகள் கருதத்தக்கன. ‘உலர்ந்த ஐஸ்’ என்பது நீரே அன்று. கரியமிலவாயுவை உறையச் செய்த கட்டி. அதன் குளிர் நீர் உறையும் நிலைக்கும் கீழே ஏறக்குறைய 78 பாகை செல்லும். அஃது உருகி நீராகாமல் நேரே ஆவியாய் மறைதலின் ‘உலர்ந்தது’ எனப்பட்டது. ‘கரிய ஐஸ்’ என்பதோ உண்மையிற் கரியதன்று. பாதையின்மேற் கண்ணாடிபோலப் படர்ந்து, அடியிலுள்ள பாதையின் கருமையையே காட்டி நிற்பது. ஓட்டுநர் அதனை அறியாது வண்டியைச் செலுத்தி வழுக்கி மாள்வதுண்டு. பெயரைக் கொண்டு பொருளைத் துணிதல் ஆகாது என்பதற்கு இவ்விரண்டும் நல்ல சான்றுகளாம்.

இதுகாறும் கூறியவற்றால், ஆங்கிலர் உள்ளத்தில் ஐஸ் என்பது பெரும்பாலும் இடரும் தடையும் அச்சமும் ஆகிய எண்ணங்களோடு பிணைந்து நிற்றல் புலனாகும். ஆகவே ‘ஐஸி’ என்னும் அடைச்சொல்லை மனிதர்க்கு ஏற்றுமிடத்து அன்பின்மையையே அது குறிக்கும். ஐஸ் போன்ற பார்வை என்பது வெறுப்புற்ற பார்வை. ஐஸ் போன்ற குரல் என்பது இரக்கமற்ற குரல். அன்புக்கோ அவர் வெம்மையைச் சார்த்துவர். வெம்மையான நெஞ்சம், வெம்மையான வரவேற்பு என்பன அவர்தம் புகழுரைகள். நெடுங்குளிரில் நடந்து வருவோனுக்கு அடுப்பங்கரையினும் இனியது யாதுளது?

தமிழர் உள்ளமோ இதற்கு நேர்மாறாக அமைந்தது. வெயில் காயும் நம் நாட்டில் நிழலும் நீருமே இன்பம். பருகும் நீரையே ‘தண்ணீர்’, குளிர்ந்த நீர், என்று பெயரிட்டோம். அரசனது அருளைத் ‘தண்ணளி’ என்றோம். அவன் குடைநிழலைத் ‘தண்ணிழல்’ என்றோம். நம் மொழியையும் ‘தண்டமிழ்’ எனப் போற்றினோம். மகனைக் கண்ட தாய்க்குக் கண் குளிர்கின்றது. பசித்தோன் உண்டபின் வயிறு குளிர்கின்றது. நற்செய்தி கேட்டு மனம் குளிர்கின்றது. அன்புடைய நெஞ்சம் ஈரநெஞ்சம். சினத்தையும் வெறுப்பையுமே வெம்மையோடு சேர்த்து, சுடுசொல், கொதிப்பு, எரிச்சல், வயிற்றெரிச்சல் என்று வழங்குகின்றோம்.

இவ்வேற்றுமையை மறந்து மொழிபெயர்த்தால் விளையும் கேட்டை நோக்குக. ஓர் அமைச்சர்க்கு அயல்நாட்டில் ‘ஐஸி’யான வரவேற்பு நேர்ந்தது என ஆங்கிலச் செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம். அதனைக் ‘குளிர்ந்த வரவேற்பு’ என்று தமிழிற் பெயர்த்தால், படிக்கும் தமிழர் அவர் மோரும் சந்தனமும் பெற்று மகிழ்ந்தார் என்றே கருதுவர். ‘வெம்மையான வரவேற்பு’ என்று பெயர்த்தாலோ, அவர்மேற் கல்லெறிந்தனர் போலும் என்று அஞ்சுவர். சொல்லுக்குச் சொல் சரியாயிருந்தும் செய்தி தலைகீழாகிவிடுகின்றது. முன்னதற்குப் ‘பாராமுகம்’ என்றும் பின்னதற்கு ‘உளமார்ந்த வரவேற்பு’ என்றும் கூறுதலே முறையாம்.

இவ்விதிக்கு விலக்கு இரு மொழியிலும் உண்டு என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. ஆங்கில இளைஞர் ‘கூல்’ என்னும் சொல்லைப் புகழுரையாக வழங்குகின்றனர். தமிழிலும் அச்சம் நீங்கியவனைக் ‘குளிர்விட்டுப் போயிற்று’ என்பர். ஆண்டுக் குளிர் என்பது அச்சத்தைக் குறித்தது. ‘பனித்தல்’ என்பதற்கு நடுங்குதல் என்னும் பொருளும் உண்டு. ஆயினும் இவை சிலவே; பெருவழக்கு யாம் கூறியவாறே நிற்கின்றது.

இனி, ஐஸ் தமிழ்நாட்டை அடைந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடெரிக் டியூடர், 1806-ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவாகிய மார்த்தினீக்கிற்கு ஐஸை ஏற்றுமதி செய்து இவ்வணிகத்தைத் தொடங்கினார். குளிர்காலத்தில் ஏரிகளினின்று கட்டிகளாக அறுத்தெடுத்து, மரத்தூளிட்டு மூடி வெப்பம் புகாது காத்துக் கப்பலில் அனுப்புவர். 1833-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 180 டன் ஐஸுடன் புறப்பட்ட ‘டஸ்கனி’ என்னும் கப்பல் நான்கு மாதம் கடலிற் சென்று, ஏறக்குறைய 100 டன் உருகாதிருக்கக் கல்கத்தாவை அடைந்தது. சென்னையில் 1842-ஆம் ஆண்டிற் கடற்கரையருகே ஐஸ் சேமிக்கும் பெருமனை எழுந்தது. தோரோ என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1854-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வால்டன்’ என்னும் நூலில், தம் குடிசையருகிலிருந்த ஏரியின் ஐஸ் வெட்டப்படுதலைக் கூறுமிடத்து, சென்னை மக்களும் தம் நீரைப் பருகுதலை எண்ணிப் பார்க்கின்றார்.

பின்னர் இயந்திரங்களால் ஐஸ் செய்யும் முறை பரவவே அக்கப்பல் வணிகம் மறைந்தது. அம்மனையில் 1897-ஆம் ஆண்டில் விவேகானந்தர் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்று விளங்குகின்றது. ஐஸ் உருகிப்போய் நூறாண்டுக்கு மேலாகியும் அப்பகுதியைச் சென்னை மக்கள் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே வழங்குவர். பொருள் கரைந்தும் சொல் கரையவில்லை!

இங்ஙனம் கடல்கடந்து வந்த சொல்லை நம் மக்கள் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர். மீன்பிடி துறைகளில் ‘ஐஸ் பார்’ என்றால் நீண்ட கட்டியைக் குறிக்கும். சிறுவர்க்குக் குச்சி ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ் எனப் பல இனிமைகள் உள. இவற்றினும் வியக்கத்தக்கது ‘ஐஸ் வைத்தல்’ என்னும் தொடர். ஒருவரிடம் காரியம் வேண்டி அவரை அளவிறந்து புகழ்வோனை, ‘என்னப்பா, ஐஸ் வைக்கிறாயா?’ என்று கேட்பது நாள்தோறும் தெருவிற் கேட்கும் பேச்சு. இது நூல்வழக்கன்று, உலகவழக்கு, ஆயினும் ஆராயத்தக்கது. ஆங்கிலத்தில் ஐஸ் என்னும் சொல் வெறுப்பைக் குறிக்க, அதே சொல் தமிழில் முகமன் கூறி மகிழ்விப்பதைக் குறிக்கின்றது. காரணம் யாது? தலையும் மனமும் குளிர்வதே நமக்கு இன்பம். புகழ்ச்சியோ கேட்போர் உள்ளத்தைக் குளிர்விப்பது. எனவே புகழ்வோன் குளிர்ந்த பொருளை வைக்கின்றான் எனக் கொள்ளலாம். வந்தேறிய சொல் ஒலியால் ஆங்கிலமாய் நின்றும், கருத்தால் தண்டமிழாயிற்று.

இதனால் மொழிபெயர்ப்போர் அறியத்தக்கது ஒன்றுண்டு. பிறமொழிச் சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் அறிதல் போதாது. அச்சொல் எந்நிலத்தில், எவ்வெயிலில், எக்குளிரில் வளர்ந்தது என்பதையும் அறிதல் வேண்டும். தமிழ் வேதாகமத்தில், ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் ‘ஸ்நோ’ வருமிடத்து ‘உறைந்த மழை’ என்று பெயர்த்துள்ளனர். கண்டறியாப் பொருளைக் கண்டறிந்த மழையைக் கொண்டு விளக்கிய அத்திறம் பாராட்டத்தக்கது. மரபுத்தொடர்க்கோ இவ்வழியும் போதாது. தொடரிலுள்ள பொருளை விடுத்து, அதனாற் சொல்ல வந்த கருத்தைப் பற்றி, நம் வழக்கிலுள்ள தொடரைத் தேடிக் கூறலே தக்கது.

இன்று ஆங்கிலச் செய்திகள் நாள்தோறும் தமிழாக்கப்பட்டுப் பல்லாயிரவர் கையை அடைகின்றன. அவற்றில் ஒரு சொல் பிறழ்ந்தால் அன்பு பகையாகவும் பகை அன்பாகவும் தோன்றக்கூடும். குளிர்நாட்டான் தீயருகே அமர்ந்து அன்பென்பது யாதென உணர்ந்தான். நாம் மரநிழலில் அமர்ந்து அதனையே உணர்ந்தோம். உணர்ந்த அன்பு ஒன்றே. சொல்லிய சொற்களே மாறின. அம்மாற்றத்தை அறிந்து ஒருவர் உள்ளத்தை மற்றவர்க்குப் பழுதின்றி உணர்த்துதல் மொழி கற்பார் கடமையாம். அதனைச் செவ்வனே செய்வோர், ஆங்கிலர் கூறுமாறு ஐஸை உடைப்பவராவர். நம்மவர் கூறுமாறு இரு திறத்தார் மனமும் குளிரச் செய்பவருமாவர்.